புளியங்கொட்டைக் கணக்கும் சனிக்கிழமை ஏரிக்கரையும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வரும் சனிக்கிழமை காலை 7 மணிக்குப் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் பிரிவு மாணவர்களை ஏரிக்கரைக்கு அழைத்துப் போகிறோம். 10 மணிக்குள் பள்ளிக்குத் திரும்பிவிடுவோம். "பொதுத்தேர்வை வைத்துக்கொண்டு பிள்ளைகளைச் செடி எண்ண அனுப்புவதா?" என்று போன வாரம் ஒரு அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். அதனால் இந்தக் கடிதம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளம்.

ஓரிடத்தில் வாழும் ஒரே இனத்து உயிர்களைப் பாடத்தில் இனக்கூட்டம் என்கிறோம். பிறப்பும் வரவும் அதைக் கூட்டும். இறப்பும் வெளியேறுவதும் குறைக்கும். இதை மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் முதலில் எத்தனை இருக்கின்றன என்று தெரிய வேண்டுமே! குளத்து மீனை வரிசையில் நிற்கவைத்து எண்ண முடியுமா?

வகுப்பில் புளியங்கொட்டையை வைத்துச் செய்து பார்த்தார்கள். ஒரு பைக் கொட்டையில் 40ஐ எடுத்துச் சுண்ணாம்புப் பொட்டு வைத்து, திரும்பப் போட்டுக் குலுக்கினார்கள். பிறகு கண்ணை மூடி 50 எடுத்ததில் 10 பொட்டு வைத்தவை. ஐந்தில் ஒன்று. அப்படியானால் அந்த 40ம் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. பையில் இருப்பது சுமார் 200. மீனுக்கும் நத்தைக்கும் இதே கணக்குதான். ஒரு குழு குலுக்க மறந்துவிட்டது. பொட்டுக் கொட்டையெல்லாம் மேலாகவே கிடந்ததால் 50க்கு 25 வந்து, மொத்தம் 80 என்றார்கள். இப்போது அந்தக் குழுதான் மற்றவர்களிடம் "குலுக்கினியா?" என்று கேட்டுக்கொண்டு திரிகிறது.

நம் மாநில விலங்கான வரையாடு 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031, 2025இல் 1,303. "ஒரே வருஷத்தில் 272 கூடிவிட்டதா சார்?" என்றாள் ஒரு மாணவி. இரண்டாம் முறை கூடுதல் இடங்களிலும் ஏறித் தேடினார்கள் என்றேன். "அப்போ ஆடு கூடினது எவ்வளவு, தேடினது கூடினதால கிடைச்சது எவ்வளவு?" என்று விடாமல் கேட்டாள். அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம்.

ஏரிக்கரையில் எண்ணப்போவது பார்த்தீனியம் என்ற களைச் செடி. ஒரு மீட்டர் சதுர மூங்கில் சட்டத்தைத் தரையில் வைத்து, உள்ளே இருக்கும் செடிகளை எண்ண வேண்டும். எங்கே வைப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வோம். பிள்ளைகளிடம் விட்டால் முள்ளில்லாத நிழலாகப் பார்த்து வைப்பார்கள். போன வருடம் அப்படித்தான் ஆனது.

பார்த்தீனியம் பட்டால் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் வரும். மகரந்தம் மூச்சிரைப்பைத் தூண்டும். வீசிங், அலர்ஜி உள்ள பிள்ளைகள் வகுப்பிலேயே இருந்து, மற்றவர்கள் கொண்டுவரும் எண்களை வைத்துக் கணக்குப் போடட்டும். வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முழுக்கைச் சட்டை, ஷூ, தண்ணீர் பாட்டில் அவசியம். செல்போன் வேண்டாம். தண்ணீரில் இறங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறோம். நீங்களும் ஒருமுறை சொல்லி அனுப்புங்கள்.

ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டு வியாழக்கிழமைக்குள் கொடுத்தனுப்பவும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு.: வீட்டில் புளி தட்டினால் கொட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். பதினொன்றாம் வகுப்பிலும் கேட்கிறார்கள்.