இயற்கையானது என்பதற்காகச் சோதனையைச் சுருக்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் இதழில் ஒரு தாவரச் சத்தைப் பற்றி வந்த கட்டுரை, 'செல்களில் சோதித்துப் பார்த்தார்கள், குரோமோசோம் பாதிப்பு இல்லை. இயற்கையானது என்பதால் யாரும் பயமின்றிச் சாப்பிடலாம்' என்று முடிந்திருந்தது. இதே சோதனையைச் செய்யும் வேலையில் இருக்கும் எனக்கு அந்த முடிவு கவலை தருகிறது.

இயற்கை என்றால் தீங்கில்லை என்ற எண்ணத்துக்கு எங்கள் ஆய்வக மேசையே மறுப்பு. பிரிந்துகொண்டிருக்கும் செல்களைப் பாதியில் நிறுத்த உதவும் கோல்ச்சிசின், செங்காந்தள் கிழங்கில் இருப்பது. அந்தக் கிழங்கைத் தின்று உயிரை விட்டவர்கள் உண்டு. சோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று தெரிய, குரோமோசோமை நிச்சயம் உடைக்கும் பொருளை ஒரு குடுவையில் சேர்ப்போம். அதற்கு வழக்கமாக எடுக்கும் மைட்டோமைசின் சி, மண்ணில் வாழும் பாக்டீரியா தருவது.

அப்புறம், கல்லீரல். கட்டுரையில் அந்தப் பேச்சே இல்லை. பூஞ்சை பிடித்த நிலக்கடலையில் உண்டாகும் அஃப்ளாடாக்சின், கல்லீரல் நொதிகள் அதை மாற்றிய பிறகுதான் டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்கிறது. குடுவையில் வளரும் செல்களுக்கு அந்த நொதிகள் பெரும்பாலும் போதாது. அதனால்தான் எலியின் கல்லீரல் சாறு சேர்த்து ஒருமுறை, சேர்க்காமல் ஒருமுறை சோதிக்கச் சொல்கிறது, பல நாடுகள் சேர்ந்த ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி) அமைப்பு இந்தச் சோதனைக்கு வகுத்த 473-ஆம் வழிகாட்டி. சோதிக்கும் பொருளின் ஒவ்வொரு அளவுக்கும் குறைந்தது 300 செல்களைப் பார்க்க வேண்டும். எந்த ஸ்லைடு எதனுடையது என்று பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது. குரோமோசோமில் சாயம் ஏறாத சிறு இடைவெளி தெரிந்தால் தனியே குறித்துவைப்போம், பாதிப்புக் கணக்கில் சேர்க்க மாட்டோம். துண்டு உடைந்து விலகிக் கிடந்தாலோ, இரண்டு குரோமோசோம்கள் தப்பாக ஒட்டியிருந்தாலோ சேர்ப்போம்.

குரோமோசோம் உடைந்தது என்று செய்தி வந்தாலும் உடனே பதற வேண்டாம். வெங்காயத்தில் உள்ள குவெர்செட்டின், வளர்ப்புச் செல்களில் குரோமோசோமை உடைத்திருக்கிறது. விலங்குகளுக்குக் கொடுத்தபோது பெரும்பாலும் அப்படி ஆகவில்லை. செல் வளரும் திரவத்திலேயே அது, குரோமோசோமை உடைக்கக்கூடிய ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கிவிடுவது இதற்கு ஒரு காரணம். அளவைக் கண்டபடி ஏற்றினாலும் இதே சிக்கல்தான்: செத்துக்கொண்டிருக்கும் செல்லில் குரோமோசோம் உடையத்தான் செய்யும்.

எனவே இத்தகைய செய்திகளை வெளியிடும்போது எந்தச் செல், எவ்வளவு அளவு, எத்தனை மணி நேரம், கல்லீரல் சாறு சேர்த்தார்களா என்பதை இரண்டு வரியாவது எழுதுங்கள். அந்தச் சத்தை மாத்திரையாக வாங்கி விழுங்குபவர்களில் கர்ப்பிணிகளும் இருப்பார்கள்.

இப்படிக்கு,
செல் ஆய்வகத்தில் பணிபுரியும் ஒரு வாசகர்