பெல்பாட்டம் திரும்பி வந்திருக்கிறது

அன்புள்ள கண்ணம்மா,

நீ அனுப்பிய படம் கிடைத்தது. தரையைப் பெருக்கிக்கொண்டு போகும் அந்தப் பேண்ட்டைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பன்னிரண்டு வயதில் என் பழைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "என்னப்பா, ரெண்டு காலுக்கும் தனித்தனியா பாவாடை கட்டியிருக்கீங்க?" என்று கேட்டவள் நீதான்.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் படம் எடுத்தபோதே நான் காலம் தப்பித்தான் போயிருந்தேன். வகுப்பில் முதன்முதலில் பெல்பாட்டம் போட்டு வந்தவனை எல்லோரும் ஓட்டினோம். மூன்றாவது ஆள் போட்டு வந்தபோது வாயை மூடிக்கொண்டோம். பாதி வகுப்பு மாறிய பிறகு நானும் வீட்டில் அடம்பிடித்து ஒன்று தைத்துக்கொண்டேன். தையற்காரர் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்து ஒரு வழியாகக் கொடுத்தார். மறுநாள் ஆசையாகப் போட்டுக்கொண்டு போனால், அந்த முதல் ஆள் குறுகலான பேண்ட்டில் வந்து நிற்கிறான்! என் பேண்ட்டில் ஒரு குறையும் இல்லை, அகலம்கூட அவனுடையதைவிட ஒரு விரல் கூடுதல். ஆனாலும் அவனை ஏறிட்டுப் பார்த்த மாதிரி என்னை யாரும் பார்க்கவில்லை.

ஏன் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் பிடிபட்டது. ஜெர்மன் சமூகவியலாளர் ஜார்ஜ் சிம்மெல் 1904-லேயே இதை எழுதியிருக்கிறார். நமக்குக் கூட்டத்தோடு சேரவும் வேண்டும், கூட்டத்தில் தனியாகத் தெரியவும் வேண்டும். ஃபேஷன் இரண்டு ஆசைக்கும் ஒன்றாகத் தீனி போடுகிறது. எல்லோரிடமும் வந்துவிட்டால் தனியாகத் தெரிவது போய்விடும். அப்போது முதலில் போட்டவர் கழற்றி வைத்துவிடுவார்.

ஊதா நிறத்துக்கும் இதே கதிதான். ஒரு காலத்தில் கடல் நத்தைகளை ஆயிரக்கணக்கில் கொன்று கொஞ்சூண்டு சாயம் எடுத்தார்கள். அதனால் அது பணக்காரர்களின், அரசர்களின் நிறம். 1856-ல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயதுப் பையன் மலேரியாவுக்கான கொய்னா மருந்தைச் செயற்கையாகச் செய்யப் பார்த்தான். மருந்து வரவில்லை, இளம் ஊதாச் சாயம் வந்தது. 1858-ல் விக்டோரியா மகாராணி தன் மூத்த மகளின் கல்யாணத்துக்கு அந்த நிறத்தில் உடுத்தினார். அப்புறம் கேட்க வேண்டுமா, ஊரெல்லாம் ஊதா. சில வருடங்களிலேயே வேறு சாயங்கள் வந்து அதன் மவுசு இறங்கிவிட்டது. நிறம் என்னவோ அதே நிறம்தான்.

அலுவலகத்தில் யாரோ உன்னைப் பத்தாம்பசலி என்றதாகப் போன வாரம் போனில் குறைப்பட்டுக்கொண்டாய். இந்தப் பேண்ட் அதற்குப் பதில் என்றுதான் நினைக்கிறேன். பசலி என்பது நிலவரிக் கணக்கில் எழுதும் ஆண்டு. பத்தாம் பசலி என்றால் எப்போதோ முடிந்துபோன ஆண்டு, அவ்வளவுதான். தேதியைச் சொல்லி ஆளைத் திட்டுகிறோம், வேடிக்கையாக இல்லை?

அதற்காக ஃபேஷனே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. "எனக்கு அதிலெல்லாம் ஆர்வமே இல்லை" என்று பெருமையடிப்பவர்களை நான் நம்புவதில்லை. கண்ணாடி முன்னால் அவர்களும்தான் நிற்கிறார்கள். உனக்கு அந்தப் பேண்ட் நன்றாகவே இருக்கிறது. படியிறங்கும்போது மட்டும் தூக்கிப் பிடித்துக்கொள், நான் இரண்டு முறை விழுந்திருக்கிறேன்.

அப்புறம், அம்மா பரணில் தேடி என் பழைய பெல்பாட்டத்தை எடுத்துவிட்டாள். எனக்குத் தொடைக்கு மேல் ஏறவில்லை. உனக்கென்று துவைத்து வைத்திருக்கிறாள். சீக்கிரம் வந்து எடுத்துப் போ, அதற்குள் அந்த முதல் ஆள் மறுபடி மாறிவிடப் போகிறான்.

அன்புடன்,
அப்பா