பவல் ஓய்வு பெறவில்லை: நம் திரைப்படச் சங்கத்தின் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

செயற்குழு நண்பர்களுக்கு வணக்கம்.

பிரிட்டிஷ் இயக்குநர் மைக்கேல் பவல் படவிழாவுக்கான நோட்டீஸைப் பார்த்தேன். ஐந்து நாள், ஐந்து படம், எல்லாமே 1940களில் வந்தவை. நல்ல படங்கள்தான், அதில் எனக்குத் தகராறு இல்லை. பின்பக்கத்து அறிமுகக் குறிப்பின் கடைசி வரிதான் உறுத்துகிறது. ‘1960க்குப் பிறகு திரைத்துறையிலிருந்து ஓய்வு பெற்றார்’ என்று போட்டிருக்கிறீர்கள். அவர் ஓய்வு பெறவில்லை. அவரைக் கூப்பிட்டு வேலை கொடுக்க ஆளில்லை. அப்போது அவருக்கு 54 வயது. அந்த வயதில் வேலை போனவர்களைக் கேட்டால் வித்தியாசம் சொல்வார்கள்.

முதலில் சின்னக் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். போஸ்டரில் பவல் பெயர் மட்டும் இருக்கிறது. ‘எழுத்து, தயாரிப்பு, இயக்கம்: மைக்கேல் பவல், எமெரிக் பிரஸ்பர்கர்’ என்று 1942இலிருந்து தங்கள் படங்களில் சேர்த்தே போட்டுக்கொண்டவர்கள் அவர்கள். பிரஸ்பர்கர் ஹங்கேரியில் பிறந்த யூதர், நாஜிகளுக்குத் தப்பி வந்தவர், பிழைக்க வந்த இடத்தில் ஆங்கிலம் கற்றவர். உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது ‘கர்னல் பிளிம்ப்’ படத்தைப் பிரதமர் சர்ச்சில் தடுக்கப் பார்த்தாரே, அதில் நல்ல ஜெர்மானியன் ஒருவனை எழுதியவர் இவர்தான். பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

‘பிளாக் நார்சிஸஸ்’ குறிப்பில் ‘இமயமலையின் அழகு’ என்று வருகிறது. அந்த மலை லண்டனுக்குப் பக்கத்தில் பைன்வுட் ஸ்டூடியோவில் இருந்தது. பெரும்பகுதி கண்ணாடியில் தீட்டிய ஓவியம். நானும் முதல்முறை டார்ஜிலிங் என்றுதான் நம்பினேன். அதில் இளவரசனாக வரும் சாபு, மைசூர்ப் பக்கத்துப் பாகன் ஒருவரின் மகன். அவருக்கு ஜோடியாக வரும் இந்தியப் பெண்ணோ, முகத்தில் கருஞ்சாயம் பூசிய ஜீன் சிம்மன்ஸ். படம் முடிந்ததும் இதைப் பேசாமல் காபி குடிக்கப் போகக் கூடாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1927இல் பிரிட்டனில் ஒரு சட்டம் வந்தது: தியேட்டர்கள் குறிப்பிட்ட அளவு உள்நாட்டுப் படங்களைக் காட்டியே தீரவேண்டும். கணக்குக் காட்டுவதற்காகவே ஃபிலிம் அடிக்கு ஒரு பவுண்டு என்று விலைபேசிச் சின்னப் படங்களைச் சுருட்டி எடுத்தார்கள். ‘கோட்டா குயிக்கி’ என்று பெயர். வங்கி வேலையை உதறி, 1925இல் பிரான்ஸின் நீஸ் நகரத்தில் இயக்குநர் ரெக்ஸ் இங்கிரமிடம் எடுபிடியாகச் சேர்ந்த பவல், 1930களில் இப்படி இருபதுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். அப்புறம்தான் 1936இல் படமெடுக்க, ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து பக்கம் ஃபௌலா என்ற தீவுக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார். வாழ வழியில்லாமல் ஊரையே காலி செய்துவிட்டுப் போகும் தீவுக்காரர்களின் கதை. 1930இல் செயின்ட் கில்டா என்ற ஸ்காட்லாந்துத் தீவின் மக்களுக்கு நிஜமாகவே நடந்தது. புயலில் மாட்டிக்கொண்டு தவித்து எடுத்த படம். அதைப் பார்த்துத்தான் தயாரிப்பாளர் அலெக்சாண்டர் கோர்டா அவரை ஒப்பந்தம் செய்தார். கறுப்பு வெள்ளை என்பதால் விட்டுவிட்டீர்களா?

அடுத்து ‘பீப்பிங் டாம்’. கேமரா முக்காலியின் காலில் கத்தி வைத்துப் பெண்களைக் கொல்பவன், சாகும் நேரத்து அச்சத்தைப் படம்பிடிக்கிறான். சிறுவயதில் அவனை அச்சுறுத்தியே ஆராய்ச்சி செய்த அப்பாவாகப் பவலே நடித்தார். அந்தச் சிறுவனாக நடித்தது அவருடைய சொந்த மகன். பார்த்துக்கொண்டிருக்கும் நம்மையும் கூட்டாளி ஆக்கும் படம் அது. 1960 ஏப்ரலில் வெளியானதும் லண்டன் விமர்சகர்கள் கொதித்துப்போனார்கள். மண்வாரியால் அள்ளிப் பக்கத்துச் சாக்கடையில் தள்ள வேண்டும், அப்போதும் நாற்றம் போகாது என்ற பொருளில் ‘டிரிப்யூன்’ பத்திரிகையில் எழுதினார் டெரெக் ஹில்.

ஒரே படத்தால் ஒரே இரவில் ஒழிந்தார் என்று சொல்வது கொஞ்சம் மிகை. பிரஸ்பர்கருடனான கூட்டு 1957லேயே கலைந்திருந்தது, ரசனையும் மாறிக்கொண்டிருந்தது. 1961இல் இன்னொரு படமும் வந்தது, எடுபடவில்லை. பிறகு ஆஸ்திரேலியாவுக்குப் போய் இரண்டு படங்கள் எடுத்தார். அதில் ஒன்று, இளம் ஹெலன் மிர்ரன் நடித்த 1969ஆம் ஆண்டுப் படம். 1972இல் பிரஸ்பர்கரோடு திரும்பச் சேர்ந்து குழந்தைகளுக்காக ஒரு சின்னப் படம். ஓய்வு பெற்றவர் செய்கிற வேலையா இது?

அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி தேடிப்பிடித்துக் கொண்டாடிய பிறகுதான், 1979இல் நியூயார்க் திரைப்பட விழாவில் ‘பீப்பிங் டாம்’ மறுபடி பேசப்பட்டது. ஸ்கார்செஸியின் படத்தொகுப்பாளர் தெல்மா ஷூன்மேக்கரைப் பவல் 1984இல் மணந்துகொண்டார். 1990இல் இறந்தார். படத்தை அன்று திட்டியவர்களில் ஒருவரான டிலிஸ் பவல் (உறவில்லை, பெயர்தான் ஒன்று) 1994இல், இது மகத்தான படம் என்றும், மறுமையில் பேச வாய்ப்பிருந்தால் மைக்கேல் பவலிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் எழுதினார். எழுதியபோது கேட்க அவர் இல்லை.

ஆகவே முதல் நாள் ஃபௌலா படத்தையும் கடைசி நாள் ‘பீப்பிங் டாம்’ படத்தையும் போடுங்கள். நடுவில் எதை எடுப்பது என்று நீங்களே முடிவு செய்யுங்கள், ‘ரெட் ஷூஸ்’ மட்டும் இருக்கட்டும். கடைசி நாள் குழந்தைகளை அழைத்துவர வேண்டாம் என்று கதவில் எழுதி ஒட்ட நான் தயார். அச்சகத்துக்காரர் கூடுதல் பணம் கேட்டால் அந்த ஒற்றை வரியை அடிக்க பேனாவோடு சனிக்கிழமை காலை வந்துவிடுகிறேன். எத்தனை நோட்டீஸ் என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
பின்வரிசை உறுப்பினர் ஒருவர்