ஆலய அடைக்கல அனுபவத்தை எழுதிவைக்க வேண்டும்

ஆசிரியருக்கு,

ஆண்டுதோறும் ஜூலை 9ஆம் திகதி யாழ்ப்பாணத்து நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் பலியானவர்களுக்கு அஞ்சலி செலுத்துகிறோம். 1995இல் அங்கும் அருகிலிருந்த முருகன் கோயிலிலும் ஒதுங்கியிருந்தவர்கள் மீது விமானக் குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நினைவுநாள் தவறாமல் நடக்கிறது. ஆனால் போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கானோரை மாதக்கணக்கில் தங்கவைத்த ஆலயங்கள் அந்த வேலையை எப்படிச் செய்தன என்பது இன்னும் பெரும்பாலும் வாய்ப்பேச்சாகவே இருக்கிறது. செய்தவர்களுக்கோ வயதாகிவிட்டது. ஒவ்வொரு பங்கும் (தேவாலயச் சமூகமும்) அதை ஒரு கொப்பியில் எழுதிவைக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

முதலில் எழுத வேண்டியது கசப்பானது. ஆலயக் கூரை யாரையும் காப்பாற்றாது. நவாலிக்குப் பிறகும் 1999 நவம்பரில் மடுவிலும் 2006 ஓகஸ்டில் அல்லைப்பிட்டியிலும் ஆலயத்தில் தஞ்சமடைந்தவர்களே ஷெல்லுக்குப் பலியானார்கள். 2023 ஒக்டோபரில் காசா நகரின் புனித பொர்பீரியஸ் ஆலய வளாகத்தில் தஞ்சமடைந்தவர்கள் மீதும் விமானக் குண்டு விழுந்தது. கூரையில் பெரிய சிலுவை வரைந்தால் போதும் என்று நம்பினோரும் உண்டு. எறிகணை அடிப்பவன் கூரையைப் பார்த்து அடிப்பதில்லை. ஆலயம் இருக்கும் இடத்தின் ஆள்கூறுகளை செஞ்சிலுவைச் சங்கம் மூலம் இரு தரப்புக்கும் எழுத்தில் கொடுத்துப் பிரதியை வைத்திருப்பது, ஆயுதத்தோடு எவரையும் வளவுக்குள் விடாதிருப்பது, சனத்தை ஒரே மண்டபத்தில் அடைக்காமல் பள்ளிக்கூடம், அறைவீடு (குருவானவரின் இல்லம்), மரநிழல் என்று பிரித்து வைப்பது, இந்த மூன்றும்தான் ஆபத்தைக் குறைக்கும். முற்றாக நீக்காது.

பதுங்குகுழி பற்றி ஒன்று. நேராக வெட்டிய குழியில் வெடியின் வீச்சு ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஓடும். ஆகவே வாசலை 'ட' வடிவில் மடக்கி வெட்ட வேண்டும். மேலே போடும் பனங்குற்றி இரு பக்கமும் குறைந்தது மூன்று அடி வெளியே நிற்க வேண்டும். மணல் நிலத்தில் விளிம்போடு குற்றி வைத்தால், மண் மூட்டைகளின் பாரத்தில் கரை சரிந்து உள்ளே இருப்பவர்களை மூடிவிடும். மண் நிரப்பச் சேலைகளைத் தைத்துப் பை செய்வது, போரின் கடைசிக் காலத்தில் சனம் அடைபட்டிருந்த வன்னி கண்ட வழி. மழை வந்தால் பை உக்கிப்போகும், மாற்ற வேண்டும்.

குண்டுக்குத் தப்பியவர்களைக் கொல்வது தண்ணீர். ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர் வேண்டும். ஆயிரம் பேர் என்றால் ஆயிரம் லீற்றர் தாங்கியைப் பதினைந்து முறை நிரப்ப வேண்டும். மலசலகூடம் முதல் நாட்களில் 50 பேருக்கு ஒன்று, பிறகு 20 பேருக்கு ஒன்று. ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று. குழி கிணற்றிலிருந்து 30 மீற்றருக்கு அப்பால் இருக்க வேண்டும். யாழ் குடாநாட்டின் சுண்ணாம்புக் கல்லில் வெடிப்புகள் வழியே அழுக்கு வேகமாகப் போவதால் இங்கே அந்தத் தூரமும் போதாது. முடிந்தவரை தள்ளி, ஆழமில்லாமல் வெட்டுவதே நல்லது.

குளோரின் இடுவதில்தான் அதிகம் பிழை நடந்தது. 3 மீற்றர் விட்டமுள்ள கிணற்றில் 2 மீற்றர் தண்ணீர் நின்றால் அது சுமார் 14,000 லீற்றர். ஆயிரம் லீற்றருக்கு 2.5 கிராம் வீதம் 35 கிராம் குளோரின் தூள் போதும். தூளை அப்படியே கொட்டக் கூடாது. சிறிது தண்ணீரில் களியாகக் குழைத்து, வாளியை முக்கால்வாசி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் சுண்ணாம்பு அடியில் படிய விட வேண்டும். மேல் தெளிவை மட்டும் வேறு வாளியில் ஊற்றி, கயிற்றில் கட்டித் தண்ணீருக்குக் கீழே இறக்கி மேலும் கீழும் ஆட்ட வேண்டும். அரை மணி கழித்தே அள்ளலாம். திறந்த சாக்கில் கிடந்த தூள் வீரியம் இழந்திருக்கும். அளவு சரியாக இட்டும் வயிற்றோட்டம் நிற்காததற்கு இது ஒரு காரணம். வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனி பக்கற் கிடைக்காதபோது ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். உப்பைக் கூட்டுவது குழந்தைக்கு ஆபத்து.

சாப்பாட்டுக்கு ஆளுக்கு 400 கிராம் அரிசி, 60 கிராம் பருப்பு, 25 கிராம் எண்ணெய் என்று கணக்கு. ஆயிரம் பேருக்கு நாளொன்றுக்கு 50 கிலோ அரிசி மூட்டை எட்டு. அரிசி இருக்கும்போதே விறகு முடிந்துவிடும் என்பதை மறந்துவிடுகிறார்கள். பொதுச் சமையல் முதல் சில நாளுக்கே பொருந்தும். பிறகு உலர் உணவைக் குடும்பத்தின் கையில் கொடுத்துவிட வேண்டும், அதுவும் சிறு சிறு குழுவாக, வெவ்வேறு நேரத்தில். 2009 ஏப்ரல் 8இல் அம்பலவன்பொக்கணையில் பால்மாவுக்குக் காத்து நின்றவர்கள் மீது ஷெல் விழுந்ததை மறக்க முடியுமா?

வந்தவர்களில் பெரும்பாலோர் சைவர்கள். பங்கீட்டைப் பூசைக்கு முன்னோ பின்னோ வைக்காதிருப்பதும், மரக்கறிப் பானையைத் தனியே வைப்பதும் மரியாதை. நம்பிக்கை பிரசங்கத்தால் மட்டும் வந்ததில்லை. வந்த இரண்டாம் நாளே மரத்தடியில் பிள்ளைகளுக்கு வகுப்பு தொடங்கிய இடங்களில் பெரியவர்களும் நிதானத்துக்கு வந்தார்கள். 2008 செப்டெம்பரில் பெரும்பாலான சர்வதேச நிறுவனங்கள் வன்னியை விட்டு வெளியேற்றப்பட்ட பிறகும் குருக்களும் அருட்சகோதரிகளும் அங்கேயே நின்றார்கள். அவர்கள் நின்றதே சனத்துக்குப் பெரிய தெம்பு.

கடைசியாக, பதிவேடு. பெயர் மட்டும் எழுதினால் ஒரே பெயரில் ஐந்து பேர் வருவார்கள். தகப்பன் பெயர், சொந்த ஊர், கிராம சேவையாளர் பிரிவு மூன்றும் வேண்டும். பங்கீட்டுப் பட்டியலையும் காணாமற்போனோர் பட்டியலையும் ஒரே கொப்பியில் எழுதக் கூடாது; முதலாவதை எவரும் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள், இரண்டாவது தவறான கைக்குப் போனால் உயிராபத்து. இறந்தவரை அவசரமாகப் புதைக்க நேர்ந்தால் பெயர், ஊர், திகதியைப் பென்சிலால் எழுதி, மூடியுள்ள போத்தலில் இட்டு உடலோடு வைக்க வேண்டும். பேனை மை ஈரத்தில் ஊறி அழிந்துவிடும். எந்த மரத்திலிருந்து எத்தனை அடி என்பதையும் கொப்பியில் குறிக்க வேண்டும்.

மன்னார் ஆயர் இராயப்பு யோசப் 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழு முன் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டபோது அவர் கையில் இருந்தவை இரண்டு கணக்குகள்தான்: கச்சேரிக் (மாவட்டச் செயலகக்) கணக்கில் 2008 ஒக்டோபரில் வன்னியில் 429,059 பேர், ஐ.நா. கணக்கில் வெளியே வந்தவர்கள் 282,380 பேர். அந்த இடைவெளிக்குப் பெயர்களைச் சேர்க்கக்கூடிய கொப்பிகள் இன்னும் சில பங்குகளிலும் கன்னியர் மடங்களிலும் இருக்கக்கூடும். கறையான் அரிக்குமுன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து, ஒரு பிரதியைப் பங்கிலும் மற்றொன்றை ஆயர் இல்லத்திலும் வைக்க மறைமாவட்டங்கள் உடனே ஒருவரைப் பொறுப்பாக நியமிக்க வேண்டும்.

இப்படிக்கு,
பங்கு நிவாரணத் தொண்டர்கள் சிலர்,
யாழ்ப்பாணம்.