சர்ச்கேட்டிலிருந்து நடத்திக் கூட்டி வா

மாட்டுங்கா, மும்பை

அன்பு மகள் கயலுக்கு,

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரோடு இங்கே மும்பையில் செயின்ட் தாமஸ் கதீட்ரல் பார்க்க வரப்போகிறாய் என்றதும் மனசு நிறைந்துவிட்டது.

கிளம்புமுன் சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் சர்ச்சைக் காட்டிவிடு. அதை 1678-ல் தொடங்கி 1680-ல் திறந்துவிட்டார்கள். இங்கே கவர்னர் ஜெரால்ட் ஆஞ்சியர் 1676-லேயே வேலையை ஆரம்பித்தார். மறு வருஷம் அவர் இறந்துபோனார். வேலை நின்று, பதினைந்தடி உயரச் சுவர் மட்டும் வெயிலிலும் மழையிலும் கிடந்தது. பிறகு ரிச்சர்ட் காப் என்ற பாதிரியார் பணம் திரட்டி, 1718 கிறிஸ்துமஸ் அன்று திறந்தார்கள். இரண்டு ஊரிலும் ஆண்டது ஒரே கிழக்கிந்தியக் கம்பெனி. அங்கே இரண்டு வருஷம், இங்கே ஏன் நாற்பத்திரண்டு? இந்தக் கேள்வியோடு பிள்ளைகள் ரயில் ஏறட்டும்.

பஸ்ஸில் கொண்டுவந்து கதீட்ரல் வாசலில் இறக்கிவிடாதே. சர்ச்கேட் ஸ்டேஷனில் எல்லோரையும் பாத்ரூம் போகச் சொல்லிவிட்டு, வீர் நரிமன் ரோடு வழியாக நடத்திக் கூட்டி வா. பழைய கோட்டை மதிலில் இந்த ஆலயத்தை ஒட்டிப் பெயர் பெற்ற வாசல்தான் சர்ச் கேட். 1860-களில் மதிலை இடித்தார்கள். அந்த வாசல் இருந்த இடத்தில்தான் இப்போது ஃப்ளோரா ஃபவுண்டன் நிற்கிறது. அங்கே ஐந்து நிமிஷம் நில்லுங்கள்.

விளக்கமெல்லாம் வெளியிலேயே முடித்துவிடு. உள்ளே கூரை உயரம், சுற்றிலும் கல். நீ ஒரு வாக்கியம் முடிக்குமுன் முந்தின வாக்கியம் எதிரொலித்துக் குழப்பும். நாற்பது பேரையும் ஒன்றாக உள்ளே விடாதே. இருபது பேர் உள்ளே, இருபது பேர் வெளியே கோபுரத்தையும் ஆலய வாசலில் இருக்கும் நீரூற்றையும் வரையட்டும். அரை மணியில் மாற்றிக்கொள்ளலாம்.

உள்ளே பொக்கிஷம் என்றால் சுவர் முழுக்கப் பதித்த பளிங்கு நினைவுக் கற்கள்தான். இரண்டு பிள்ளைக்கு ஒரு கல் கொடு. முழுதும் படிக்கச் சொன்னால் நீளமான புகழுரையிலேயே சோர்ந்துவிடுவார்கள். பெயர், வயது, எதனால் இறந்தார், கல்லை வைத்தது யார், இந்த நான்கு மட்டும் எழுதினால் போதும். ரோமன் எண்களுக்கு ஒரு சீட்டு கொடு; 1837 என்பது MDCCCXXXVII என்று பழகிக்கொண்டு வரட்டும். ஆலயம் கதீட்ரல், அதாவது பிஷப்பின் தலைமை ஆலயம், ஆன வருஷமும் அதுதான். கடைசியில் வயதுகளைக் கூட்டிச் சராசரி எடுக்கச் சொல். இருபதுகளிலேயே போனவர்கள் எத்தனை பேர் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். கவர்னர் ஜோனதன் டங்கன் நினைவுச் சின்னத்தை மட்டும் நீயே காட்டு. காசியிலும் குஜராத்தின் கத்தியவாரிலும் பெண் சிசுக்கொலையை எதிர்த்தவர் அவர், 1811-ல் இறந்தார். சிற்பத்தில் இருக்கும் இந்தியப் பிள்ளைகள் அங்கே ஏன் என்று அவர்களையே கேள்.

கல்வெட்டின் மேல் தாளை ஒட்டி மை ஒற்றி மைப்படி எடுப்பதைப் பார்த்த பிள்ளைகள் இங்கேயும் தாளை வைத்துக் கிரேயான் தேய்க்கப் பார்ப்பார்கள். விடாதே. பளிங்கில் மெழுகு இறங்கினால் கறை போகாது. விரல் எண்ணெய் பட்டாலே நாளடைவில் மஞ்சளிக்கும். பேனா வேண்டாம், பென்சில் மட்டும்.

அனுமதிக் கடிதத்தில் தேதி, எண்ணிக்கை, வயது எழுதி முன்கூட்டியே அனுப்பு. ஞாயிறு வேண்டாம். திருமணமோ அடக்க ஆராதனையோ திடீரென வரும் என்பதால் முந்தின நாள் ஒரு போன் செய். காலையிலேயே வா. தேதியை டிசம்பர் நடுவுக்கு முன்னாலோ ஜனவரியிலோ வை. ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த மழையில் அந்த நடை நடக்காது.

அன்புடன்,
அப்பா