ஏடு வீட்டிலேயே இருக்கட்டும்

முள்ளியவளை

அன்பின் மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். காலபோக நெல் அரிவிவெட்டு முடியும் தறுவாயில் நிற்கிறது. ஊரெல்லாம் வெட்டு மெசின் சத்தந்தான்.

உங்கள் சங்கத்துப் பிள்ளைகள் கோவலன் கூத்துக்குத் தொண்டு செய்ய வரப்போவதாகவும், ஆடுகிறவர்களுக்குத் தலைமுடியும் உடுப்பும் வாங்கித் தரலாமா என்றும் கேட்டிருந்தாய். உடுப்பை எப்பவும் தைக்கலாம். கூத்துப் பாட்டு எழுதிய ஓலை ஏடும் பழைய கொப்பிகளும் பாடத் தெரிந்த கிழவர்களும் போனால் எந்தக் காசுக்கும் வராது. 2008, 2009 யுத்த இடப்பெயர்வில் எத்தனை வீட்டுப் பெட்டகங்கள் வழியில் விடுபட்டன என்று உனக்குத் தெரியும். இந்த முறை படமெடுப்பும் ஒலிப்பதிவும் போதும்.

ஏடு இருக்கிற வீட்டிலேயே படமெடுக்க வேண்டும். "கொண்டுபோய் ஸ்கேன் பண்ணித் தாறம்" என்றால் கதவைச் சாத்திவிடுவார்கள். அதில் பிழையில்லை.

கயிற்றை அவிழ்க்க முன் ஏட்டுக்கட்டை எல்லாப் பக்கமும் படமெடுக்கட்டும். ஒழுங்கு குலைந்தால் அதுதான் சாட்சி. ஓர இலக்கங்கள் தமிழ் எண்ணில் இருக்கும். ஒன்றுக்கான ௧ ககரம் போலவும் பத்துக்கான ௰ யகரம் போலவும் தெரிவதால், பழகாத பிள்ளை எழுத்தென்று எண்ணித் தாண்டிவிடும். தூசு தட்ட மென்மையான தூரிகை, அதுவும் நார் ஓடும் நீளவாக்கில் மட்டும். ஒட்டிய ஓலைகளைப் பிரிக்கவே கூடாது. எலுமிச்சம்புல் எண்ணெய் பூசும் வழக்கம் உண்டுதான், ஆனால் அளவு கூடினால் தூசு பிடித்து ஓலை ஒட்டும். அதைத் தெரிந்தவர்களுக்கு விடுவோம். பொலித்தீனில் சுற்றி வைத்தால் ஈரம் அடைபட்டுப் பூஞ்சணம் வரும். வெள்ளைப் பருத்தித் துணி போதும்.

போன் கமராவே காணும், கணக்குத் தெரிந்தால். 45 சென்ரிமீற்றர் ஓலையை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் எடுக்க, நீளத்துக்கு ஏறத்தாழ 5,300 புள்ளி வேண்டும். 12 மெகாபிக்சல் போன் 4,000 சொச்சந்தான் தரும். ஆகவே ஒரு ஓலையை இரண்டு துண்டாக, நடுவில் கொஞ்சம் மேவ எடுக்க வேண்டும். பிளாஷ் வேண்டாம், ஓலை மினுங்கி எழுத்து மறையும். மை போன ஓலைக்கு ஒரு ரோச் லைட்டைப் பக்கவாட்டில் தாழப் பிடித்தால் கீறல் நிழலாய்த் தெரியும். பக்கத்தில் அடிமட்டம் ஒன்று கிடக்கட்டும். கோப்புப் பெயர் 001அ, 001ஆ என்று முன்பக்கம் பின்பக்கமாகப் போகட்டும்.

ஆனால் படம் மட்டும் வைத்துக்கொண்டு தட்டச்சுக்கு உட்கார்ந்தால் சிக்கல். ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை, எகர ஒகரத்தில் குறில் நெடில் வேறுபாடு இல்லை, ரகரமும் காலும் (ா) ஒன்று. 'கெ' எழுதிக் கால் போட்டிருந்தால் கொ, கோ, கெர, கேர, எதுவும் ஆகலாம். கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் பாடினால்தான் அது எதுவென்று தெரியும். அவருக்கு வாசிக்கக் கண் தெரியாமல் இருக்கலாம், தரு என்கிற கூத்துப் பாட்டெல்லாம் நாக்கில் நிற்கும். பக்கத்தில் ஒருவர் ஏட்டைப் பிடித்து, பாட்டு எந்த ஓலையில் நடக்கிறது என்று குறித்துக்கொண்டே வரவேண்டும். இதற்குத்தான் பிள்ளைகள் தேவை.

பதிவை 48 கிலோஹேட்ஸ், 24 பிட், வேவ் கோப்பாக எடுக்கட்டும். ஸ்டீரியோ என்றால் மணிக்கு ஒரு கிகாபைட் அளவில் வரும். முதலில் தாளத்தோடு மட்டும் ஒருதரம், பிறகு மத்தளத்தோடு. ஒரேயடியாக எடுத்தால் மத்தளம் சொல்லை விழுங்கிவிடும். போனைப் பறப்பு நிலையில் போட மறந்தால் நடு விருத்தத்தில் மணி அடிக்கும். ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் ஊர், திகதி, பாடுபவர் பெயர் சொல்ல வேண்டும்.

கோயிலில் நேர்த்திக்கு மட்டும் பாடுகிற பகுதி இருந்தால் கேட்டுத்தான் பதியலாம். பதிந்தாலும் இணையத்தில் போடுவதா என்பது அவர்கள் முடிவு. சம்மதத்தை எழுத்தில் வாங்கட்டும். பிரதி ஒன்று ஏட்டுக்கார வீட்டுக்கு, ஒன்று சனசமூக நிலையத்துக்கு, ஒன்று மாவட்டத்துக்கு வெளியே. வெளியே என்றால், 2005 முதல் ஈழத்து ஆவணங்களை மின்வடிவில் சேர்க்கிற 'நூலகம்' என்கிற இணைய நூலகம் இருக்கிறது. வீட்டுக்குப் பென்டிரைவ் மட்டும் கொடுத்தால் அலுமாரியில் கிடக்கும். பெரிய எழுத்தில் அச்சடித்து, கட்டிக் கொடுக்க வேண்டும்.

சித்திரை வருடப்பிறப்புக் கழிய வரச்சொல். வைகாசி பிறந்தால் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் வேலையில் ஒருவரையும் பிடிக்க ஏலாது. மாரியில் ஓலை ஈரம் குடிக்கும், ஆவணி வெக்கையில் மடங்கினால் முறியும். பதிவைப் பின்னேரத்தில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் சந்தியில் லவுட்ஸ்பீக்கர் கட்டுகிற நாளா என்று முதலே விசாரித்துச் சொல்கிறேன். எத்தனை பேர் வருகிறார்கள் என்று எழுது, படுக்கை ஒழுங்கு பண்ண வேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்