நான் போகவில்லை, நம்பர்தான் போனது

அன்புள்ள சேகர்,

முதலில் ஒன்று, நான் நன்றாகத்தான் இருக்கிறேன். என் வீட்டு நம்பருக்கு மூன்று தடவை அடித்துப் பார்த்துவிட்டு, வாசுவைக் கூப்பிட்டு "அவன் இருக்கானா, போயிட்டானா?" என்று விசாரித்தாயாமே. வாசு அதை உன் குரலிலேயே நடித்துக் காட்டினான். வாட்ஸப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று இருக்கிற ஆளுக்கு இதெல்லாம் வேண்டியதுதான். மெயிலாவது பார்க்கிறாயே, புண்ணியம்.

நடந்தது இது. நியூஜெர்சியில் இந்த எடிசன் ஊர் வீட்டு போனுக்கு மாதம் 58 டாலர் அழுதுகொண்டிருந்தேன். அதில் வருகிற அழைப்பு என்று பார்த்தால் கார் வாரண்டி விற்கிறவன், தேர்தல் சமயத்தில் ரெக்கார்ட் செய்த குரல், அப்புறம் அம்மா. "ஒரு மாமியார் பேசறதுக்கு வருஷம் எழுநூறு டாலரா?" என்றாள் மீனா. கணக்கு சரிதான். ஆனால் அம்மாவுக்கு 86 ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை தம்பி வீடியோவில் காட்டுவான், அவள் என் நெற்றியைப் பார்த்து விபூதி எங்கே என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள். பேச வேண்டும் என்று தோன்றினால் கும்பகோணத்துக் கூடத்தில் இருக்கிற போனை எடுத்துத் தானே அடிக்க வேண்டும் அவளுக்கு. 001-ல் தொடங்கி 13 இலக்கம், சஷ்டி கவசம் மாதிரி மனப்பாடம்.

அதனால் நம்பர் இருக்கட்டும், கம்பி போகட்டும் என்று முடிவு செய்தேன். இன்டர்நெட் வழியாகவே பேச 100 டாலருக்கு ஒரு சின்ன அடாப்டர். அதன் ஒரு பக்கத்தை ரவுட்டரில் சொருக வேண்டும், மறுபக்கத்தில் அதே பழைய போன். பிறகு மாதம் ஏழு டாலர், அதுவும் வரிக்குத்தான். ஒரு பேச்சுக்கு இன்டர்நெட்டில் நொடிக்கு 90 கிலோபிட் போல இருந்தால் போதும், என் பையன் சினிமா பார்க்கிற லைனில் ஐம்பது பேர் ஒரே நேரத்தில் பேசலாம். வந்த புதிதில் காலிங் கார்டைச் சுரண்டி, போட்டிருக்கிற நிமிடத்தில் பாதிகூட வராமல் "சரிம்மா, வெச்சிடறேன்" என்று கத்திய காலத்தை நினைத்தால் சிரிப்புதான்.

இங்கேதான் நான் என் புத்தியைக் காட்டினேன். எதையும் ஒழுங்காகச் செய்கிறேன் பேர்வழி என்று முதலில் பழைய கம்பெனியைக் கூப்பிட்டு லைனை நிறுத்தச் சொல்லிவிட்டேன். என் பழைய வழக்கம்தான், உனக்குத் தெரியாததா. லைன் உயிரோடு இருந்தால்தான் நம்பரைப் புதிய இடத்துக்கு மாற்ற முடியுமாம், மாறிய அன்று பழைய கணக்கு தானாகவே முடிந்துவிடுமாம். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒன்பது நாள் இரண்டு கம்பெனிகளுக்கு நடுவே அலைந்தேன். நல்லவேளை, நம்பரை அதற்குள் வேறு யாருக்கும் கொடுத்துவிடவில்லை. கெஞ்சிக் கூத்தாடி லைனுக்கு மறுபடி உயிர் கொடுக்க வைத்தேன்.

அப்புறமும் மாற்றவில்லை, பெயர் ஒத்துப்போகவில்லை என்றார்கள். 1998-ல் லைன் வாங்கும்போது கடைசிப் பெயர் என்ன என்று கேட்டார்கள், அப்பா பெயரைச் சொன்னேன். அவர்கள் என்னை ஒற்றை எழுத்தாகச் சுருக்கிவிட்டு அப்பாவையே வாடிக்கையாளர் ஆக்கியிருக்கிறார்கள். இத்தனை வருடப் பில்லில் நான் தொகையைத் தவிர வேறு எதைப் பார்த்தேன்? புதிய கம்பெனிப் பெண் அந்த நபர் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். அவர் காலமாகிப் பதினொரு வருடம் ஆகிறது என்றேன். கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டு ஏதோ சங்கீதத்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். அதைக் கேட்டுக்கொண்டு சமையலறையில் நின்றிருந்தேன். அப்பா இந்த ஊருக்கு வந்ததே இல்லை சேகர், இரண்டு தடவை வீசா இல்லை என்றார்கள், அடுத்த தடவை வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். ஆனால் அவர் பெயரில் ஒரு போன் இங்கே இத்தனை காலம் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. கடைசியில் பழைய கம்பெனியில் என் பெயருக்கு மாற்றிய பிறகுதான் வேலை முடிந்தது. மாற்றியிருக்க வேண்டாமோ என்றுகூட இருந்தது. சரி, விடு.

மீனாவுக்கு வேறு பயம். 2012-ல் சாண்டி புயல் அடித்தபோது நாள்கணக்கில் கரண்ட் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை, ஆனால் அந்தச் செம்புக் கம்பி போன் மட்டும் வேலை செய்தது. எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்தே 48 வோல்ட் கம்பியில் வந்துவிடும், வீட்டுக் கரண்டை நம்பி அது இல்லை. இந்த அடாப்டர் அப்படி இல்லை, கரண்ட் போனால் அதுவும் போச்சு. எனக்கு ஸ்டென்ட் வைத்த பிறகு அவள் எல்லாவற்றையும் ஆம்புலன்ஸ் கண்ணோடுதான் பார்க்கிறாள், தப்புச் சொல்ல முடியாது. ரவுட்டருக்கும் அடாப்டருக்கும் சேர்த்து ஒரு யூபிஎஸ் வாங்கி வைத்தேன். தெருவில் இன்டர்நெட்டே படுத்துவிட்டால் அதனாலும் பிரயோஜனமில்லை, அதை அவளிடம் சொல்லவில்லை. அவசரத்துக்கு 911 அடித்தால் நாம் பதிந்து வைத்த விலாசத்துக்குத்தான் வண்டி வரும் என்பதால் விலாசத்தை மட்டும் இரண்டு தடவை சரிபார்த்தேன்.

மாடி அறை போனும் வேலை செய்ய வேண்டுமென்று அடாப்டரைச் சுவரில் இருக்கிற பழைய போன் பிளக்கில் சொருகினேன். அதற்கு முன்னால் வெளிச்சுவரில் இருக்கிற பெட்டியைத் திறந்து கம்பெனி கம்பியைப் பிரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த வோல்ட் உள்ளே வந்து அடாப்டரைப் பொசுக்கிவிடும். இதை மட்டும் படித்துவிட்டுச் செய்தேன், ஆச்சரியப்படாதே.

உன் வீட்டு பிஎஸ்என்எல்லுக்கும் ஃபைபர் வந்துவிட்டது என்று வாசு சொன்னான். அதுவும் இதே கதைதான், கரண்ட் போனால் போன் ஊமை. அந்த டப்பாவை இன்வெர்ட்டர் லைனில் மாட்டச் சொல், டிவிக்கு மட்டும் இன்வெர்ட்டர் என்று வைத்திருக்கிறாயே, உருப்படுவாயா நீ.

ஒன்று பாக்கி. அந்த ஒன்பது நாளும் அம்மா தினம் அடித்திருக்கிறாள். எடுத்ததும் ஒரு பொம்பளை இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாளாம். தம்பியிடம் மூச்சுவிடவில்லை. லைன் சரியான அன்று நான் ஹலோ என்றதும் முதல் கேள்வியே, "மீனா எங்கடா, அந்தப் பொம்பளை யாரு?" அது கம்பெனிக்காரன் ரெக்கார்ட் செய்து வைத்த குரல் என்று விளக்கிப் பார்த்தேன், ம்ம் ம்ம் என்கிறாளே தவிர நம்பவில்லை. நீ கும்பகோணம் பக்கம் போனால் ஒரு நடை பார்த்துவிட்டு, அப்படி யாரும் இல்லை என்று சொல்லிவிட்டு வா. உன்மேல்தான் அவளுக்கு அன்றைக்கும் இன்றைக்கும் நம்பிக்கை.

உன்,
ரகு